துரைக்குக் குளியல் மாவு

ஜனவரி 6, செவ்வாய்

குளிர். பல்லு கிட்டுது. சூரியன் அரசாங்க உத்தியோகம் போல, எட்டுக்கு மேலதான் வேலைக்கு வந்துச்சு.

வெளிய சொல்ல முடியாதது, இதுல எழுதறேன். இன்னிக்கு நாய்க்குட்டிக்குச் சாம்பிராணி போட்டேன். கால நீட்டி உக்காந்து, கால்மேல குப்புறப் போட்டு, வெந்நீர் ஊத்தி, மாவு தேச்சு, துண்டுல சுத்தி, கூடையக் கவுத்துப் புகை காட்டி, கடைசியா கன்னத்துல மைப்பொட்டு. கன்னம் எதுன்னு தேடறதுக்குள்ள மையைப் பாதி நக்கிட்டான். மத்தியானச் சோத்துக்கு வந்த என் வீட்டுக்காரர் வாசல்லயே நின்னு பார்த்துட்டார். குட்டியப் பார்த்தார், என்னப் பார்த்தார். "ஞானஸ்நானத்துக்கு ஃபாதரக் கூப்பிடட்டுமா"ன்னு கேட்டுட்டுக் கை கழுவப் போயிட்டார்.

பேர் ஏற்கனவே வெச்சாச்சு. துரை. என் வீட்டுக்காரர் தேவராஜ மார்க்கெட்டுல மூட்டை தூக்கறவர். பூக்கடைக் குப்பையில கெடந்ததச் சோத்துப் பையில போட்டுக் கொண்டாந்ததே இவர்தான். கறுப்பும் வெள்ளையும். வெள்ளை இருந்த எடமெல்லாம் இப்ப சிவப்பு. சொறிஞ்சு சொறிஞ்சு.

என் தொழில் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. பிள்ளை பெத்த வீடா பார்த்துப் போய், தாயையும் குழந்தையையும் குளிப்பாட்டி விடறவ. கட்டிக்கிட்டு மைசூர் வந்த நாள்லேர்ந்து இதேதான். ஊர்க் குழந்தை எல்லாம் என் கால்ல. எனக்குன்னு ஒன்னு இல்ல. அத விடு.

இப்பப் போறது சரஸ்வதிபுரம் வீடு. கன்னடக்காரங்க. வீட்டுல சொறி நாய் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா? நாயத் தொட்ட கை பச்சக் குழந்தையத் தொடலாமா? நானா இருந்தா வாசப்படி ஏற விடமாட்டேன்.

ஜனவரி 7, புதன்

மறுபடி குளிப்பாட்டினேன். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ. நான் அரைக்கற மாவு. இதுல குளிச்ச குழந்தைங்க இன்னிக்கு இஞ்சினீயர். இவன் மட்டும் காஞ்சதும் தேங்காய்ப்பூ மாதிரி உதுர்றான். முதுகத் தட்டினா ரவை கொட்டுது. உப்புமா கிண்டலாம்.

பக்கத்து வீட்டு ரத்னம்மா எட்டிப் பார்த்தா. சரஸ்வதிபுரம் வீட்டுல சமையல் அவதான். எனக்கு அந்த வீட்டப் பிடிச்சுக் குடுத்ததும் அவதான். "இது கஜ்ஜி. கொண்டு போய் எங்கயாவது விட்டுடு திரேசா." அவ பாஷையில கஜ்ஜின்னா ஒட்டிக்கற சொறி. நான் சொன்னேன், உன் புருஷனும்தான் எந்நேரமும் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறான், அவன எங்க விட்டே? சிரிச்சா. ஆனா குட்டியத் தொடல. சுவத்தோரமா நடந்து போனா.

யோசனை சொன்னவங்க:
வேப்பெண்ணெய் - மளிகைக்காரர்.
புளிச்ச தயிர் - வீட்டுக்காரர்.
ஆட்டோ இஞ்சின்ல வடிக்கற கறுப்பு எண்ணெய் - ஆட்டோக்காரர். அவர் மூஞ்சியில மொதல்ல தடவிப் பார்க்கச் சொன்னேன்.
ஜெபம் - சிஸ்டர்.

வேப்பெண்ணெய் தடவினேன். நக்கிட்டு வாந்தி.

ஜனவரி 9, வெள்ளி

ச.புரம் வீடு. குழந்தை பட்டு மாதிரி. எண்ணெய் தேய்க்கும்போது சொன்னேன், "உன் தோல்ல கொஞ்சம் கடன் குடுடா, ஒருத்தனுக்கு வேணும்." தாய்க்காரி பல்லவிக்குச் சிரிப்பு. சின்னப் பொண்ணு, எத சொன்னாலும் சிரிக்கும், தையல் வலிக்குதுன்னு திட்டிக்கிட்டே சிரிக்கும்.

மாமியார் சுமித்ரம்மா சிரிக்கற ஆள் இல்ல. என் சேலையிலேர்ந்து ஒரு முடிய ரெண்டு விரல்ல எடுத்தாங்க. வெள்ளை முடி. "என்னது இது?"

"ஆடு"ன்னேன்.

"உங்க வீட்டுல ஆடு வளக்கறீங்களா?"

"ஊருக்குப் போயிருந்தேம்மா. அங்க ஒட்டினது."

அவங்க முடிய ஜன்னல் வெளிய போட்டுட்டுக் கை கழுவினாங்க. வர்ற வழி பூரா எனக்கே அரிச்சுது.

ஜனவரி 10, சனி

மாட்டாஸ்பத்திரி. மாடு ஒன்னும் இல்ல, எல்லாம் நாய். சோப்பு வாசனை அடிக்கற நாய்ங்க. துரை மேல வேப்பெண்ணெய் நாத்தம். பெஞ்சுல எங்களச் சுத்தி நல்லா எடம் விட்டாங்க. சவுகரியமா இருந்துச்சு.

டாக்டர் பொண்ணு, என் அக்கா மக வயசு. பிளேடால முதுகச் சுரண்டி, கண்ணாடியில தேச்சு, மிஷின்ல கண்ண வெச்சுப் பார்த்தா. பூச்சி இல்லையாம். மனுஷங்களுக்கு ஒட்டாதாம். வெறும் வறட்சியாம்.

"எப்பப்ப குளிப்பாட்டறீங்க?"

"தினமும்." கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன்.

பேனாவக் கீழ வெச்சா. "எதுல?"

மாவு, வெந்நீர், சாம்பிராணி எல்லாம் சொன்னேன். மைப்பொட்ட மட்டும் சொல்லல.

"அம்மா, இது குழந்தை இல்ல. அது தோல்ல அதுவே எண்ணெய் வெச்சிருக்கும். நீங்க தினமும் அதக் கழுவி விடறீங்க. மிச்சத்த மாவு உறிஞ்சுது. அதுக்கு மேல குளிரும் புகையும். பாவம், அது என்னதான் செய்யும்?"

குளியல் கூடாது. மாவு கூடாது. புகை கூடாது. சோத்துல மீன் எண்ணெய் மாத்திரை உடைச்சு ஊத்தணும். ராகிக் களி மட்டும் போதாது, முட்டை குடுக்கணும். அரிப்புக்குச் சொட்டு மருந்து, குடிச்சா நல்லா தூங்குவானாம். புது முடி வர வாரக்கணக்குல ஆகுமாம்.

"வேற நான் என்ன செய்யணும்?"

"ஒன்னும் செய்யாதீங்க. கையக் கட்டிக்கிட்டு இருங்க."

நான் கையக் கட்டிக்கிட்டு இருந்த ஒரே நாள் என் கல்யாண நாள், அதுவும் ஃபோட்டோக்காரன் சொன்னதுக்காக.

ஒட்டாதுன்னு சொன்னது நிம்மதி. ஆனா அத யார் நம்புவா? நானே பாதிதான் நம்பறேன்.

ஜனவரி 12, திங்கள்

குளிப்பாட்டல. சொறியறான். நேத்தும் குளிப்பாட்டல. நேத்தும் சொறிஞ்சான். பின்னங்கால் தரையில அடிக்கற சத்தம், டக் டக் டக், யாரோ கதவு தட்டற மாதிரி. போய்ப் போய்த் திறக்கறேன்.

சொட்டு மருந்து குடிச்சா ரெண்டு மணி நேரம் பொணம் மாதிரி தூக்கம். தூக்கத்துலயும் கால் ஆடுது.

முட்டை சாப்பிட்டான். எனக்கு வெச்சிருந்ததையும்.

ஜனவரி 13, செவ்வாய்

எழுத வேண்டாம்னு நெனச்சேன்.

நாத்தம் தாங்கல. இவர் மார்க்கெட் போனப்புறம் வெந்நீர் வெச்சேன். ஒரே ஒரு தடவைன்னு. மாவும் கொஞ்சம், ரொம்ப இல்ல, ஒரு கைப்பிடி. கால்ல போட்டதும் சொகமா கண்ண மூடினான். காஞ்சப்புறம் வயித்துப் பக்கம் தோல் வெடிச்சு ரத்தம். பக்கத்துல போனேன். கட்டிலுக்கு அடியில போயிட்டான். என் கையப் பார்த்துட்டுத்தான் போனான்.

இத்தனை வருஷம் இந்தக் கையத்தான் வீடு வீடா எடுத்துக்கிட்டுப் போனேன்.

இவர் கேட்டார், "குளிப்பாட்டினியா?" இல்லைன்னேன். அடுப்புல அண்டா இன்னும் ஆவி விட்டுக்கிட்டு இருந்துச்சு. மேல கேக்கல, நல்ல மனுஷன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இங்க சங்கராந்தி. வீட்டுக்கு வீடு எள்ளு வெல்லம் குடுத்து, இதத் தின்னுட்டு நல்லதே பேசுன்னு சொல்ற நாள்.

ச.புரம் போனேன். கேட்டு மூடி இருந்துச்சு. சுமித்ரம்மா உள்ள நின்னுக்கிட்டே பேசினாங்க. "ரத்னம்மா சொன்னாங்க. கஜ்ஜி நாயாமே."

"கஜ்ஜி இல்லம்மா, வறட்சி. டாக்டரே சொன்னாங்க."

"இருக்கட்டும். எங்களுது பச்சக் குழந்தை. நாளெயிந்த பர்பேடி." நாளையிலேர்ந்து வராதீங்கன்னு. மரியாதையாத்தான் சொன்னாங்க. எள்ளு வெல்லப் பொட்டலத்தக் கேட்டுக் கம்பி வழியா நீட்டினாங்க, விரல் படாம.

கோவம் வரல. அவங்க எடத்துல நான் இருந்தா பொட்டலம் கூடக் குடுத்திருக்க மாட்டேன்.

ரத்னம்மாவக் கேட்டேன், ஏன்டி சொன்னே? "நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒன்னுன்னா உன்ன இட்டுட்டு வந்த என்னைத்தானே கேப்பாங்க." அதுவும் சரிதான். எல்லாருமே சரியாத்தான் பேசறாங்க. நல்ல சங்கராந்தி.

வெல்லத்த இவர் தின்னார். எள்ளத் துரை தின்னான்.

ஜனவரி 17, சனி

ஒரு வீடு போனா அடுத்த வீடும் போகும். இந்த வேலையில பேர்தான் முதல். அடுத்த மாசத்துக்கு ஜெயலட்சுமிபுரத்துல ஒருத்தங்க சொல்லி வெச்சிருந்தாங்க. வேற ஆள் பார்த்துட்டோம்னு ஃபோன்.

இவர்: "ஏ புள்ள, உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாம். மண்ணுல பொரண்டா எல்லாம் சரியாப் போவும்." அண்ணன் ஊர் மார்டள்ளியிலேர்ந்து காய்கறி டெம்போ செவ்வாக்கெழம மார்க்கெட்டுக்கு வருது, விடியறதுக்குள்ள திரும்புது.

அண்ணன் தோட்டம் காட்டோரம். நாயக் காவலுக்குக் கட்டுவாங்க. சிறுத்தை வந்தா மொதல் பந்தி அதுதான். போன நாய், அதுக்கு முந்தின நாய், எல்லாம் அப்படித்தான். இவருக்கும் தெரியும். அதனாலதான் என் மூஞ்சியப் பார்க்காம சொன்னார்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை. பிரசங்கம் குஷ்டரோகிய ஆண்டவர் சுத்தமாக்கினது பத்தி. தொட்டார், ஒடனே சுத்தமாச்சாம். வாரக்கணக்குல ஆகும்னு அங்க யாரும் சொல்லல.

பல்லவி ஃபோன். மெதுவா, பாத்ரூமுக்குள்ளேர்ந்து. "ஆன்ட்டி, அத்தெ குளிப்பாட்டினா குழந்தை மூச்சு விடாம அழுவுது. நேத்து கைய விட்டு நழுவப் பாத்துது. நீங்க வாங்க. அத்தெகிட்ட பேசிட்டேன். நாய் வீட்டுல இல்லன்னா சரிங்கறாங்க."

சரின்னேன். சரின்னு சொன்ன வாய் என்னுதுதான்.

அப்புறம் துரைய மடியில போட்டுப் பார்த்தேன். காதுக்குப் பின்னாடி உதிரல. ஏதோ பஞ்சு மாதிரி, புது முடியோ என்னமோ. வெளிச்சம் சரியில்ல. பார்த்த மாதிரி காட்டிக்கல.

ஜனவரி 19, திங்கள்

பை ரெண்டு. ஒரே துணிக்கடையில குடுத்த நீலப் பை.

துரை பை: பழைய துண்டு, பன்னு, சொட்டு மருந்து, மாத்திரை. மூச்சு விட ஜிப்ப ஒரு சாண் திறந்து வெக்கணும்.

என் பை: மாவு டப்பா, எண்ணெய், சாம்பிராணி, துண்டு ரெண்டு. இதோட ஜிப் கெட்டுப் போய் வருஷமாச்சு, ஒரு சாணுக்கு மேல மூடாது.

அண்ணனுக்கு ஃபோன் பண்ணினேன். "வீட்டுக்குள்ள படுக்க வெய்ங்கண்ணா." சிரிச்சார். "ஏம்புள்ள, நாய்க்கா? பாயா, கட்டிலா?"

நானும் சிரிச்சேன். நான் சிரிக்காட்டி இவங்களுக்கெல்லாம் பயமாப் போயிடும்.

ஜனவரி 20, செவ்வாய்

விடியக்காலம் கரண்ட் இல்ல. பயணத்துல கத்தக் கூடாதேன்னு சொட்டு மருந்து குடுத்து, தூங்கினப்புறம் பையில வெச்சேன். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். இவர் பைய எடுக்கற சத்தம், செருப்புச் சத்தம், கதவு. போயிட்டு வாடான்னு கூடச் சொல்லல. திரும்பிப் பார்க்கவும் இல்ல.

மார்க்கெட்டுலேர்ந்து ஃபோன் பண்ணினார். "ஏத்தியாச்சு. தங்கமான குட்டி, அசையவே இல்ல." அவர் குரலும் ஒரு மாதிரி.

ச.புரம் பஸ். என் பை கனமா இருந்துச்சு. மனசுக் கனம்னு நெனச்சேன். நமக்கும் இப்படியெல்லாம் வருதேன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமை.

கேட்டு திறந்திருந்துச்சு. பாத்ரூம்ல தண்ணி தயார். பல்லவி முக்காலியில உக்காந்து சிரிச்சா. சுமித்ரம்மா குழந்தையோட வாசப்படியில. "நாய அனுப்பிட்டீங்களா?"

"மார்டள்ளி போய்க்கிட்டு இருக்கும்மா. டெம்போல."

உக்காந்து, கால நீட்டி, மாவ எடுக்கப் பைய இழுத்துத் திறந்தேன்.

துரை கொட்டாவி விட்டான். அப்புறம் பின்னங்காலத் தூக்கிக் காதச் சொறிஞ்சான். சொறிஞ்சுட்டு, பழக்க தோஷம், என் கால் மேல வந்து குப்புறப் படுத்தான்.

சுமித்ரம்மா கேட்டாங்க. "இதுதானா அந்த ஆடு?"

ஆமாம்னேன்.

பல்லவி சுவத்தப் பார்த்துத் திரும்பிக்கிட்டா, முதுகு குலுங்குச்சு. சுமித்ரம்மா குழந்தைய இன்னொரு தோளுக்கு மாத்திக்கிட்டு, கேட்டு வரைக்கும் கூட வந்து, தாழ்ப்பாள் போட்டாங்க. இனி அந்த வீடு இல்ல.

பஸ்ஸுல கண்டக்டர் ஏத்தல. நடந்து வந்தோம். இவர் வந்து குட்டியப் பார்த்தார், என்னப் பார்த்தார். களி கிண்டினார், அவரே.

சாயங்காலம் அண்ணன் ஃபோன். நாய்னு சொன்னே, பையில மாவும் எண்ணெயும்தான் இருந்துச்சுன்னார். அண்ணி அந்த மாவுல போண்டா சுட்டாங்களாம். எல்லாரும் சாப்பிட்டாச்சாம். கொஞ்சம் சாம்பிராணி வாசனை, மத்தபடி மொறுமொறுன்னு இருந்துச்சாம்.