நூர் என்று நினைத்த வெளுப்பு

என் அன்பு மாமி,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகன் நேரே கூப்பிட்டுக் கதைக்கிறானே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். உயிரோடு இருந்தபோதுதான் அந்தப் பாடு. மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கக் கூடாது என்கிற எங்கள் ஊர் வழக்கத்தை இனி யார் வந்து கேட்கப்போகிறார்கள்? நீங்கள் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சொல்வதற்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

எழுபத்தெட்டில் உங்கள் மூத்த மகள் நஸீமாவைக் கட்டிக்கொண்டு கல்முனையிலிருந்து நிந்தவூருக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மாமா காலமான பிறகு ஒற்றை ஆளாக நின்று கட்டிய கல்வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, சின்ன மகள் பரீதாவோடு நீங்கள் அடுப்படிக் குசினியை ஒட்டின பின்னறைக்குப் போனீர்கள். அங்கிருந்து என்னோடு நீங்கள் கதைத்ததெல்லாம் சோற்றால்தான்.

வேறு எப்படிக் கதைப்பீர்கள்? கதவுக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்கு ஆணம் காணுமா எண்டு கேளுகா" என்று நஸீமாவிடம் சொல்வீர்கள். போதும் என்று நான் சொன்னாலும் இன்னொரு அகப்பை குழம்பு வந்து விழும். காலையில் நெய் ரொட்டியும் சீனி போட்டு அடித்த முட்டையும், பகலில் மீன்தலையும் இறைச்சியும், மாலையில் அஸர் தொழுதுவிட்டு வந்தால் இனிப்பான வட்டிலப்பம். வேண்டாம் என்றால் உங்கள் பேச்சைத் தட்டியது போல ஆகிவிடுமே என்று தின்றேன். பொய் சொல்லக் கூடாது, ருசிக்காகவும்தான் தின்றேன்.

என் வயிறு முன்னுக்கு வர வர ஊரில் உங்கள் பேர் உயர்ந்தது. "மாப்பிள நல்லாத் தேறிட்டாரு" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு உங்கள் நடையே வேறு என்று நஸீமா சொல்லிச் சிரிப்பாள். நானோ கல்முனையில் புடவைக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து துணி கிழிக்கிறவன். போக பஸ், வர பஸ். தின்றது எங்கே போகும்?

நஸீமா எப்போது சாப்பிட்டாள்? நான் எழுந்த பிறகு, வந்தவர் போனவர் எல்லாரும் கை கழுவின பிறகு. சட்டியில் ஒட்டியிருந்த ஆணம், கொஞ்சம் சம்பல், அதற்கு மேலேயே ஒரு கோப்பை தேத்தண்ணி. அது யார் கண்ணுக்கும் குறையாகத் தெரியவில்லை. நீங்களும் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே.

எண்பதில் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. மாதம் ஏற ஏற அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பார்க்க வந்த பெண்களுக்கு அது சந்தோஷமாக இருந்தது. "முகத்தைப் பாருங்ககா, நூர் இறங்கியிரிக்கி" என்றார்கள். இறைவன் கொடுத்த ஒளி என்று சொன்னால் யார்தான் மகிழ மாட்டார்கள்? நீங்களும் மாஷா அல்லாஹ் சொல்லி, கண்ணூறு படாமல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டீர்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சை அரிசியை அள்ளி அள்ளி அவள் மென்றாள். அதையும் பிள்ளைத்தாச்சி ஆசை என்று சொல்லிச் சிரித்தோம்.

ஒருநாள் கல்முனைக்குப் போக பஸ் ஏறும்போது மூச்சு வாங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடுகூட வெள்ளையாக இருந்தது. நேரே ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டொக்டர் அம்மா அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உட்பக்கம் கழுவிப் போட்ட கணவாய் மீன் போல வெளுத்துக் கிடந்தது.

"இவக்கு உடம்பில ரத்தமே இல்லையே. புள்ள பெறேக்க கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டா" என்றார். நூர் என்று நாங்கள் கொண்டாடியது இதைத்தானா?

அதற்கிடையில் நான் இரண்டு மூன்று தரம் எழுந்து வெளியே போய் வந்ததை டொக்டர் கவனித்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டார். சூட்டு உடம்பு, தண்ணீர் நிறையக் குடிக்கிறேன் என்றேன். என் சிறுநீரையும் சோதிக்கச் சொன்னார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய் என்றார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டிலதானே சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"நம்ப ஏலாமக் கிடக்கு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஒருவருக்குச் சேர வேண்டியது சேராமல் வருத்தம், மற்றவருக்குத் தேவைக்கு மேல் சேர்ந்து வருத்தம். என் குடும்பத்தில் சீனி இருந்திருக்கும், அதை இந்தச் சாப்பாடும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்து எழுப்பிவிட்டது. நஸீமா அரிசி மென்றதுகூட ரத்தக் குறைவால்தானாம்; அவளுக்கு இரும்புச்சத்துக் குளிசை தந்தார். ஈரல், நெத்தலி, கீரை, பயறு சாப்பிட வேண்டும், தேசிக்காய் என்கிற எலுமிச்சம்புளி சேர்த்தால் நல்லது, சோற்றோடு தேத்தண்ணி கூடாது என்றார். என்னைச் சோற்றைப் பாதியாக்கி, இனிப்பை விட்டு, நடக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மாக்கிட்ட செல்ல வாணாம். நான் பட்டினி போட்டனா எண்டு அழுவா" என்றாள். உங்கள் காது லேசுப்பட்ட காதா? குசினிக் கதவு மெல்லத் திறந்தது. முதல்முதலாக என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மகன், என்ட புள்ளைக்கு நான் என்னத்த ஆக்கிக் குடுக்கணும்? நீங்களே செல்லுங்க."

கதவுப் பலகையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "உங்களுக்கு என்ன வருத்தமாம்?" என்று கேட்டீர்கள்.

"சீனி, மாமி."

"அது நான் ஊட்டினதா?"

"நான் தின்னது, மாமி."

அன்றைக்கு உங்களைப் பார்க்காமலே எனக்குக் கண் கலங்கியது. கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் ஈரல் பொரியல் நஸீமாவின் தட்டில் இருந்தது. அவளை முதலில் உட்காரவைத்துத் தின்னவைத்தீர்கள். எனக்கு ஒரு பிடி சோறு, அதைச் சுற்றி ஊர்ப்பட்ட கீரை. ஈரல் வாடையில் அவள் ஓங்காளித்தால் மிளகும் தேசிக்காயும் கூட்டி வேறு மாதிரிச் செய்து கொண்டுவருவீர்கள். தேத்தண்ணிக் கேத்தலைக் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தீர்கள். அவளுக்கு மட்டும் ஒளித்திருந்தால் பரவாயில்லை, எனக்கும் சேர்த்தல்லவா ஒளித்தீர்கள்!

ஊர் சும்மா இருக்குமா? என் வயிறு இறங்க இறங்க உங்கள் பேரும் இறங்கியது. பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, மருமகனுக்குக் கீரைய அவிச்சுப் போடுறீங்களாம்? மகளாம் முதல்ல குந்தித் தின்னுறா?" என்று கேட்டாள். பேருக்காக உயிரை விடுகிற ஆள் நீங்கள். உடைந்துபோவீர்கள் என்று பயந்தேன்.

"ஓம். ரெண்டு பேரும் எனக்கு உசிரோட வேணும்" என்றீர்கள். அதோடு அவள் தலை வேலிக்குக் கீழே போனது.

நஸீமாவுக்குப் பிள்ளை பிறந்த அன்று இரத்தம் போகத்தான் போனது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நீங்கள் ஒரு கோடியில் ஓதிக்கொண்டிருந்தீர்கள், நான் மறு கோடியில் நடந்துகொண்டிருந்தேன். டொக்டர் வெளியே வந்து, தாயும் மகளும் சுகம், முதல் வந்த மாதிரியே இருந்திருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நீங்கள் சொன்ன சத்தம் விறாந்தை முழுக்கக் கேட்டது. என் நஸீமாவை நீங்கள் இரண்டு தரம் பெற்றீர்கள் மாமி. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குக் கீரை குளிர் என்று கிழவிகள் தடுத்தபோது, "சூட்டையும் குளிரையும் நான் பார்த்துக்கிறன்" என்று முருங்கைக்கீரையை வறுத்து ஊட்டினீர்கள். ஆனால் இத்தனைக்கும் நடுவில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? நாங்கள் யாராவது உங்கள் இமையை இழுத்துப் பார்த்தோமா? போன வருஷம் வந்த அந்தக் காய்ச்சல் ஏன் உங்களை அத்தனை சீக்கிரம் கொண்டுபோனது? நஸீமாவும் நானும் இதைக் கதைக்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவோம்.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். உங்கள் சின்ன மகள் பரீதா, நீங்கள் பார்த்து வைத்த மாவடிப்பள்ளி மாப்பிள்ளையையே கட்டினாள். இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறாள். நஸீமா அவளை இப்போதே கிளினிக்குக்கு இழுத்துப் போய்விட்டாள். இரத்தம் கொஞ்சம் குறைவுதானாம், பயப்பட ஒன்றுமில்லை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார்களாம். என் சீனியும் கட்டுக்குள் இருக்கிறது. நாட்டுக் குழப்பத்தில் பஸ் ஓடாத நாட்கள் கூடிவிட்டதால் கடைக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். உங்கள் பேத்தி ஈரல் தின்னமாட்டேன் என்று வீட்டைச் சுற்றி ஓடுகிறாள், பின்னாலேயே நஸீமா கோப்பையோடு ஓடுகிறாள். அவள் மூச்சு வாங்காமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் புது மாப்பிள்ளை வழக்கம்போலப் பாயில் வந்து குந்தினார். குசினியில் பரீதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கட்டும், பிறகுதான் எங்களுக்கு என்றேன். அவர் பாவம், குசினியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"காக்கா, பசிக்கிதே" என்று அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டார்.

"பசிக்கட்டும்" என்றேன்.

பரீதா பிள்ளை பெற்று, தெம்பாக எழுந்து நடக்கும்வரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இந்த வீட்டில் முதல் தட்டு உங்கள் மகள்மாருக்குத்தான். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு, மாமி.

பசியோடு காத்திருக்கும்
உங்கள் மூத்த மருமகன்