கடையில் வாங்கின தீட்டு

மாசி 2, செவ்வாய்

காலையில் பனி, கொஞ்ச நேரத்தில் பல்லைக் காட்டும் வெயில். வேதியியல் ரெக்கார்டு பாக்கி.

அம்மாவின் காபியில் உப்புப் போட்டேன். வழக்கமாக விளக்குமாற்றோடு மாட்டுக்கொட்டகை வரை துரத்துவாள், பாதி வழியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். இன்று ஒரு வாய் குடித்தாள். டம்ளரை வைத்தாள். அழுதாள். உப்புக்கு அழுகிற ஆளா?

காரணம் தெரியும். (திருட்டுத்தனமாகப் படிக்கிறவர் கண்ணில் மிளகாய்ப்பொடி.) அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். அதோடு உடம்புக்குள் அடுப்பு. திடீரென்று முகம் சிவக்கும், ஜாக்கெட் நனையும், உடனே குளிரும். தூக்கம் கிடையாது. போன வருஷம் அஸ்தம்பட்டி டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். நான் வைத்த பெயர் ஆர்மோனியம். சில மாதம் வீட்டில் நல்ல கச்சேரி. ஒரே அபஸ்வரம்: அதைத் தின்றால் மாதாமாதம் மறுபடி ரத்தம்.

தையில் அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. மாசிப் பொங்கலுக்குக் குலதெய்வக் கோயிலில் முதல் பானை இனி அம்மாதான் வைக்க வேண்டுமாம். விலக்கு நின்ற மருமகள்தான் வைக்கலாம். ஒருமுறை கைக்கு வந்தால் மூன்று வருஷம் அவளுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து பின்வரிசையில் நின்று விறகு எடுத்துக் கொடுத்தவள் அம்மா. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது.

மாசி 4, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு 'வயிற்றுவலி'. அம்மாவோடு பஸ்ஸில் அஸ்தம்பட்டி.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், திரைக்குப் பின்னால் மார்பைச் சோதித்தார், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டார். இல்லை. அந்த ரத்தம் வருவது நல்லதற்குத்தானாம். கொடுக்கிற இரண்டு மாத்திரையில் இரண்டாவது கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணுகிறதாம், வராவிட்டால்தான் கவலை. ஆனால் வருஷக்கணக்கில் தின்றால் மார்பில் கட்டி வருமா என்று பெரிய டாக்டர்களுக்குள்ளேயே சண்டையாம். தின்பதானால் அடிக்கடி வந்து காட்ட வேண்டும்.

"நீங்களே ஏதாச்சும் ஒண்ணு சொல்லிப்போடுங்க டாக்டரம்மா."

"உங்க கஷ்டம் எவ்வளவுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

திரும்பும்போது அம்மா ஜன்னலோரம். சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தாள். ஆட்டையாம்பட்டி தாண்டித்தான் வாய் திறந்தாள்.

"கண்ணாலத்துக்குக்கூட ஆரும் என்னெயக் கேக்குல சாமி. இன்னைக்குப் போயி என்னெயக் கேக்குறாங்க."

நக்கலுக்குப் பதில், ஜன்னல் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன்.

மாசி 6, சனி

முருங்கை மரம் நிறையக் கம்பளிப்பூச்சி. வீடு நிறைய ஆலோசகர்கள்.

அத்தை: நாங்களெல்லாம் மாத்திரையா தின்றோம், மோர் குடித்தே கடந்தோம். (அந்தக் காலத்தில் அத்தை மாமாவைச் சொம்பால் அடித்த கதை ஊருக்கே தெரியும். மோர்ச் சொம்பாக இருக்கலாம்.)

மருந்துக்கடைக்காரர்: வெளிநாட்டில் இதெல்லாம் வேண்டாம் என்று எழுதுகிறார்கள். சொல்லிக்கொண்டே இரண்டு அட்டை எடுத்து வைத்தார்.

அப்பா: போர் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவில். அங்கிருந்து டிரங்க் கால். டாக்டர் சொல்வதைக் கேள், அக்கா சொல்வதையும் கேள். வைத்துவிட்டார். பாறைக்குள் எந்த அடியில் தண்ணீர் என்று சொல்கிற மனுஷன்.

நான்: மாத்திரை தின்றால் அம்மா தூங்குவாள், பானை போய்விடும். தின்னாவிட்டால் பானை இருக்கும், அம்மா போய்விடுவாள். போய்விடுவாள் என்றால் செத்து அல்ல. உப்புக்கு அழுகிற வேறு யாரோ அம்மா சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள்.

மாத்திரையால் நோய் வந்தால்? தெரியவில்லை.

மாசி 8, திங்கள்

ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றினால் யாருக்காவது வினை.

பள்ளி விட்டு வரும்போது கோயில் பூசாரியிடம் கேட்டேன். தானாக வருவது தீட்டு, சரி. மாத்திரை தின்று வரவழைத்தால்?

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். "கடைல வாங்குன தீட்டா? அதுக்கு மொறை ஒண்ணும் எங்கப்பன் சொல்லித் தர்லீங்களே அம்மிணி."

அவர் திணறியதில் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வரைக்கும் சிரிப்பு.

மாசி 10, புதன்

சிரிப்பு நின்றது.

பூசாரி பங்காளிகளிடம் கேட்டுவிட்டார். சாயங்காலம் எங்கள் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு, மீசை வைத்த ஆறேழு பேர் அம்மாவின் மாதவிலக்கைப் பற்றிப் பஞ்சாயத்து. உரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா, மருந்தடித்துக் காய்க்க வைத்த மாங்காயும் மாங்காய்தானே என்றார். இன்னொருவர், அப்படியானால் ஊசி போட்டு நிறுத்தினால் தீட்டே இல்லையா என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. காபி நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்கள்.

அந்தக் காபியைப் போட்ட அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால். கழுத்தெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முடிவு: வெள்ளிக்கிழமை சாமியிடம் பூக்கேட்பது. சிவப்பு வந்தால் மாத்திரை தின்னலாம், தின்றாலும் பானை அம்மாவுக்கே. வெள்ளை வந்தால் மாத்திரை கூடாது.

மாசி 12, வெள்ளி

கோயில். காற்றே இல்லை.

பூவை இலையில் மடிப்பது அந்தக் குலத்துக் கன்னிப்பெண். அதாவது அடியேன். ஒரு இலையில் செவ்வரளி, ஒரு இலையில் வெள்ளரளி. மடித்துக் கொடுத்தால் பூசாரி குலுக்கிச் சாமி முன் போடுவார், சித்தப்பாவின் குட்டிப்பையன் ஒன்றை எடுப்பான்.

தூணுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தேன். என் கைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. இரண்டு இலையிலும் ஒரே நிறத்தை வைத்துவிட்டால் தீர்ந்தது. எந்த நிறம்?

சிவப்பு வைத்து நாளைக்கு அம்மா மார்பில் கட்டி வந்தால்? வெள்ளை வைத்து இப்படியே அழுதுகொண்டிருந்தால்? பூசாரி இரண்டு தரம் குரல் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என்ன குறும்பு பண்ணுவது என்று எனக்கே தெரியவில்லை.

ஒவ்வொரு இலையிலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பையன் எடுத்தான். பூசாரி பிரித்தார். மறுபடி மடித்தார். மறுபடி பிரித்தார். பங்காளிகள் ஒருவர் தோளில் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி இதுவரை இப்படிச் சொன்னதில்லையாம்.

அம்மா மட்டும் பூவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. மற்றவர்கள் அழுகை என்று நினைத்திருப்பார்கள். நான் அறிவேன், மாட்டுக்கொட்டகை வரை துரத்தி வந்து வருகிற சிரிப்பு.

பிறகு முன்னால் வந்தாள். பின்வரிசையிலிருந்து.

"சாமியும் என்னெயத்தானுங்க கேக்குது. நானே சொல்லிப்போடறேன்."

பூசாரி இலையைக் கீழே வைத்தார்.

"இந்த மாசிக்கு நான் பானை வெக்கிறனுங்க. ஆசப்பட்டுட்டன். அடுத்த மாசிக்கு வேற ஆராச்சும் வெய்யுங்க. எனக்குத் தூங்கோணும்."

அத்தை, மாத்திரை தின்று நோய் நொடி வந்தால் என்ன பண்ணுவாய் என்றாள்.

"பயமாத்தான் இருக்குதுங்க நங்கையா. கட்டி கிட்டி பட்டுதுன்னா அன்னைக்கே நிறுத்திப்போட்டு டாக்டரம்மாகிட்ட ஓடிருவன்."

அவ்வளவுதான். இது சரியான முடிவா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது.

மாசி 17, புதன்

பொங்கல். முதல் பானை கிழக்கே பொங்கியது. எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அடுப்பு ஒரு பக்கம், அவள் அடுப்பு ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். முகம் செக்கச்செவேல். தலைப்பால் துடைக்கக்கூட இல்லை. பின்னால் நின்று விறகு எடுத்துக் கொடுத்தது நான்.

மாசி 19, வெள்ளி

நேற்று அஸ்தம்பட்டி. புது மாத்திரை. குளிப்பதற்கு முன் மார்பைத் தடவிப் பார்க்கவும் சொல்லித் தந்தார்கள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள், ஆனால் கேட்டாள்.

மாத்திரை வேலை காட்ட நாளாகுமாம். ராத்திரியும் எழுந்து உட்கார்ந்துதான் இருந்தாள்.

காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நகராமல் நின்றாள். வாங்கிக் குடித்தேன்.

உப்பு.