மத்தியஸ்தருக்குப் போன முறுக்கு

17 அக்டோபர் 1949
பம்பாயில், இந்த மாட்டுங்காவில் அரிசிக்கு இன்னும் ரேஷன்தான். இவர் வழக்கும் அரிசி வழக்குதான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த அரிசி புழுத்துப்போனது யார் குற்றம் என்று இரண்டு தேசத்து கவர்ன்மெண்டுக்கும் தகராறு. கோர்ட்டு இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு ஒரு டச்சுக்காரரை மத்தியஸ்தராக உட்கார்த்தியிருக்கிறார்கள். நம் தேசத்துக்கு இவர் வக்கீல். பர்மாவுக்கு நாகூர் கனி, ரங்கூனுக்குப் போன தமிழர். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்ற எனக்கு இதையெல்லாம் உட்கார்ந்து சொல்கிற புருஷன் கிடைத்தாரே.

20 அக்டோபர்
மத்தியஸ்தருக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு தீர்க்க வந்தவரை இலை போடாமல் அனுப்பியதுண்டா? அந்த வரப்பில் ஒரு பலாமரம், அதன் கதை பெரிசு, இருக்கட்டும். ரேஷன் அரிசியை மிச்சம் பிடித்துச் சுட்ட தீபாவளி முறுக்கை அவருக்கு டிரைவர் தளவாயிடம் கொடுத்தனுப்பினேன்.

21 அக்டோபர்
இவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.
"ஒரு கட்சி வக்கீல் வீட்டுப் பண்டத்தை அவர் தொடப்படாது, அம்மிணி. கனி ஆட்சேபிச்சா வழக்கே முதல்லேர்ந்து. அப்பறம் எந்த கவர்ன்மெண்ட் என்னைக் கூப்பிடும்?"
தளவாய் வேறு, "தொரை என் முன்னாலயே ரெண்டு தின்னாரும்மா" என்கிறான்.
ஈஸ்வரா, என்ன பண்ணி வச்சுட்டேன்.

24 அக்டோபர்
யாரும் கேட்குமுன் இவரே சபையில் எழுந்து சொல்லிவிட்டாராம். கனி, ஆட்சேபமில்லை, இதே மத்தியஸ்தர் இருக்கட்டும் என்றாராம். வெளியே வந்து, "ஏன் ஐயரே, நாகூர்க்காரன் வாய்க்கு முறுக்கு ஆகாதோ?" என்று இவரைக் கேட்டாராம்.
எங்கள் ஊரில் எதிர்க்கட்சிக்காரருக்கும் சேர்த்துத்தான் இலை போடுவோம். அதை மறந்துபோனேனே. சாயந்திரமே கனிக்கு ஒரு டப்பா போயிற்று. அவர் நன்றாயிருக்கட்டும்.

12 டிசம்பர்
தீர்ப்பு வந்தது. தோற்றோம். "உன் முறுக்கு நம்மைக் காப்பாத்தலையேடி" என்று சிரிக்கிறார். சிரிக்கிறாரே, அது போதும்.

18 டிசம்பர்
கனி அல்வாவோடு வந்தார். நான் கை நீட்டாமல் இவரைப் பார்த்தேன்.
"வழக்கு முடிஞ்சாச்சு. வாங்கிக்கோ."
ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு பர்மாவுக்கு வழக்காம். தன்னோடு சேர்ந்து பேச இவரைத்தான் அந்த கவர்ன்மெண்ட் கேட்கிறதாம். "அன்னைக்கி நீங்களே எந்திரிச்சி சொன்னத நான் எழுதி அனுப்பிட்டேன் ஐயரே. வேற வக்கீலே வேணாங்குறாங்க."
இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.
"ரெண்டு பேரும் ஒரே பக்கம்னா இனிமே ஒரு டப்பா முறுக்கு போறுமோ?" என்று கேட்டேன்.
"போதும்மா. அதையும் எனக்கே அனுப்பிருங்க" என்றார் கனி.