இரவல் நாற்காலிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, தெம்பாக இருக்கிறாய் என்று மனதில் வைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே எனக்கு ஒன்றுமில்லை, அப்பா எழுந்து நடமாடும் அளவுக்கு இருக்கிறார். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் இருப்பது ஒரே அறை, எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அவர் காதில் விழும், அதனால்தான் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

அப்பா சாரத்திலிருந்து விழுந்ததில் கால் பிசகிவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருந்தோம் இல்லையா, பிசகவில்லை கண்ணு, முறிந்துவிட்டது. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை, கோபப்படாதே. பூச்சு வேலைக்குப் போகாதவருக்குக் கூலி ஏது, என் சலவைக்கடைச் சம்பளம் வயிற்றுப்பாட்டுக்கே சரியாகப் போனது, வாடகை நின்றது. வீட்டுக்காரர் கெட்ட மனுஷர் இல்லை, ஆனாலும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, இப்படித் திடீரென்று நொடித்துப் போகிற குடும்பங்களுக்கு அரசாங்கத்தில் அவசர உதவி உண்டாம், வாடகையையே கட்டிவிடுவார்களாம் என்று சொன்னாள். அப்பா முதலில் பிடிகொடுக்கவில்லை, பிறகு ஒருநாள் அவராகவே, சரி, கேட்டுப் பார் என்றார்.

கேட்டதற்கு, வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்றார்கள். இங்கேதான் உன் அம்மாவின் புத்தி வேலை செய்தது. வீட்டுக்கு ஒருவர் வந்தால் உட்கார நாற்காலி வேண்டாமா? தையல்கார அக்காவிடம் இரண்டு நாற்காலி, மாடி வீட்டு அக்காவிடம் மின்விசிறி, பூப்போட்ட திரைச்சீலை, பீங்கான் கோப்பை எல்லாம் இரவல் வாங்கி அழகு பண்ணிவிட்டேன். அப்பா முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, போட்டோ பிடிக்கக் காத்திருப்பவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வந்தது உன் வயதுப் பெண்தான். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லம்மா, நீங்க முதல்ல டீ சாப்பிடுங்க" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவள் குறித்துக்கொண்டு போனாள். தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள், மாடி அக்கா வந்து, "உங்க ஆபீசரம்மா காத்து வாங்கியாச்சில்ல, மேல ஒருத்தர் வேர்த்து வழியறாரு" என்று மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே பதில் வந்தது, அவசரநிலை எதுவும் காணப்படவில்லை என்று. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடையில் துணி மடிக்கும் நேரமெல்லாம் எனக்கு அதே யோசனை. அந்தப் பெண் மேல் தப்பில்லை, நாங்கள் காட்டியதைத்தானே அவள் பார்த்தாள். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் அலுவலகத்துக்கே போனேன். வரிசையில் நிற்கும்போது என்னென்னவோ கோத்து வைத்திருந்தேன், அவள் எதிரில் உட்கார்ந்ததும், "அந்த நாற்காலி எங்களோடது இல்லம்மா" என்பதுதான் வாயில் வந்தது. அவள், நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்றாள். "வீடு தேடி வந்தவங்ககிட்ட எப்படிம்மா அதைச் சொல்றது" என்றேன். இன்னொரு தடவை பார்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, நானே வருகிறேன், இந்த முறை எதையும் வாங்கி வைக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தாள்.

சொன்னபடி வந்தாள், தரையில் பாயில்தான் உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்கவில்லை. படி ஏற முடிகிறதா, வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா, வீட்டில் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பா ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறாராம், நான் வேலைக்குப் போன பிறகு சுவரைப் பிடித்து நடந்து பழகுகிறாராம், ஒருதடவை விழுந்தும் இருக்கிறாராம். கடைசியில், "இந்தக் கால் இனிமே சாரம் ஏறாதும்மா" என்றார். கூடவே இருக்கிற எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது கண்ணு. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

உதவி கிடைத்துவிட்டது. வாடகை வீட்டுக்காரர் கைக்கே நேராகப் போகிறது, காலி செய்ய வேண்டியதில்லை. மாத்திரையை இப்போது நானே முழுசாக எடுத்துக் கொடுக்கிறேன். உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேலை உண்டா என்று மேஸ்திரியிடம் கேட்கப் போவதாக நேற்று அவரே சொன்னார். இத்தனை வருஷம் உயரத்தில் நின்றே பழகியவர், அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், வெளியே போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட எங்கள் இருவரின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் நலமா என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். இன்றைக்கு எதுவரைக்கும் நடந்தீர்கள், எந்த இடத்தில் வலித்தது என்று கேள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, காத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா