காலுக்கு வேலையில்லாத வண்டி

10-6-2001, ஞாயிறு

அண்ணன் காலை பஸ்ஸில் நாகர்கோவிலிலிருந்து வந்தார். காப்பி குடிக்கும் முன்பே வெளியே போய், கால் வராத என் வீட்டுக்காரர் கடைசி வரை ஓட்டிய வண்டி மேல் போட்டிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது.

“துருப்பிடிச்சு நாசமாப் போறதுக்கு முன்னாடி ஆருக்காவது குடுத்திருவோம் பிள்ளே. நீயும் அங்க வந்திரு. இங்க ஒனக்கு ஆரு இருக்கா?”

வாங்குவதற்கு ஆளும் பார்த்துவிட்டாராம். சாலைக் கடைத்தெருவில் தையல்கடையில் வேலை செய்கிற ராஜபாய். அவளுக்கும் ஒரு கால் வராது. பஸ் ஸ்டாப்பில் கக்கத்துக் கட்டையோடு நிற்பாளே, அவள்தான்.

“ஓணம் கழியட்டும். ஆர்டர் இருக்கு” என்றேன். ஒரு ஆர்டரும் இல்லை.

14-6-2001

முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். நெரிசலில் ஒருத்தன் முழங்கை டின் மேலேயே இருந்தது. கடையில் திறந்தால் பாதி தூள்.

“தாணு அண்ணன் கொண்டு வந்தா ஒண்ணுகூட ஒடையாது” என்றார் கடைக்காரர். குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

நான் சுடுவேன், என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான். இரண்டு காலும் சின்ன வயதிலேயே போலியோவில் போனவர், தெரு முழுக்கச் சுற்றினார். எனக்கு இரண்டு காலும் இருக்கிறது. ஒரு டின்னைக் கொண்டு சேர்க்க முடியவில்லை.

17-6-2001

ஹரிகுமாரிடம் கேட்டேன். எதிர் வீட்டில் இருக்கிற ஓட்டோக்காரன். அவருக்கு உடம்பு முடியாமல் போன அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவன்தான். வண்டி ஓட்டச் சொல்லித் தருவாயா என்று கேட்டதும் சிரித்துவிட்டான்.

“சேச்சி தமாஷ் பறயுதா?”

“இல்லை.”

என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. “ஞாயிறாச்ச நேரத்தே வரணும்” என்று மட்டும் சொன்னான். அடுத்த ஞாயிறு, அதிகாலையில்.

சைக்கிள்கூட ஓட்டியதில்லை நான். ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவள். என்ன தைரியத்தில் கேட்டேன்?

24-6-2001, ஞாயிறு

புத்தரிக்கண்டம் மைதானம். மழை விட்டு மண் பதமாக இருந்தது.

இந்த வண்டியைப் பற்றி எழுதி வைக்கிறேன். பழைய ஸ்கூட்டர். பின்சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரமாக வைத்துக் கட்டியது. காலால் உதைக்கிற ஸ்டார்ட் இல்லை, கையால் இழுக்க ஒரு கம்பி. காலால் மிதிக்கிற பிரேக்கையும் எடுத்துவிட்டு, வலது கைப்பக்கம் ஒரு இரும்புப் பிடி. எல்லாம் அவர் உடம்புக்காகச் செய்தது. இடது பக்கம் அவருடைய ஊன்றுகோல் வைக்க ஒரு வளையம். அதில் கோல் இன்னும் இருக்கிறது.

வண்டி நகர்ந்தது. நான்தான் நகர்த்தினேன் என்று நம்ப முடியவில்லை. மதில் கிட்டே வந்துவிட்டது. ஹரிகுமார் பின்னால் ஓடிவந்து கத்துகிறான். “சவிட்டு! சேச்சி, சவிட்டு!”

எங்கள் ஊரில் சவுட்டு என்றால் உதைக்கிறது. மாடு சவுட்டும், கழுதை சவுட்டும். நான் தரையைச் சவுட்டினேன். பலம் கொண்ட மட்டும். பின்சக்கரம் செருப்பில் ஏறி, பெருவிரல் நகம் போயிற்று. வண்டி மதிலில் இடித்துத் தானே நின்றது.

“பிரேக்கைச் சவிட்டான் பறஞ்ஞா, பூமியைச் சவிட்டுதே!” தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் பாஷையில் சவிட்டு என்றால் மிதி.

“எந்தப் பிரேக்கை? இதுலதான் காலுக்குப் பிரேக்கே இல்லையே ஹரி.”

வண்டியைப் பார்த்தான். என் காலைப் பார்த்தான். “அய்யோ. நான் என்டெ ஓட்டோவெ நினைச்சு…” என்றான். வலியோடு சிரிப்பு வந்தது. அவர் போனதற்கு அப்புறம் நான் சிரித்தது இன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அதை நினைத்து மனசு குறுகிப்போனது.

26-6-2001

நகம் விண்விண் என்று தெறிக்கிறது. சீடை உருட்டினேன்.

1-7-2001, ஞாயிறு

கொஞ்சம் வேகம் வந்தாலே கால் தன்னால் வெளியே போகிறது. புத்திக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லை. பயம் வந்தால் தரையைத் தொட வேண்டும் அதற்கு. இரண்டு தரம் போயிற்று, இரண்டு தரமும் நல்லகாலம் தப்பியது.

அவருக்கு இந்தக் கஷ்டம் இருந்திருக்காது. பயம் வந்தால் அவர் என்ன செய்திருப்பார்? கேட்டதே இல்லை.

கடைசியில் அவர் தலை துவட்டுகிற தோர்த்தை எடுத்து, இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஹரிகுமார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “வேண்டா சேச்சி, அது காணான் வய்யா” என்றான். நான் அவிழ்க்கவில்லை.

மதில் கிட்டே வந்ததும் அவன் சவிட்டு என்று சொல்லவில்லை. “பிடி” என்றான்.

பிடித்தேன். நின்றது.

8-7-2001, ஞாயிறு

இன்று தோர்த்து இல்லாமல். கால் ஒழுங்காக இருந்தது. வளைவுதான் வரவில்லை. இடது பக்கம் திருப்பினால் இடது சக்கரம் தரையை விட்டுத் தூக்குகிறது. வண்டி கவிழ்ந்துவிடும் போல இருக்கிறது.

“உடம்பு உள்ளே சாயணும் சேச்சி. திரும்புற பக்கமா. பின்னால ஆளிருந்தா அவரும் சாயணும். அல்லெங்கில் சக்கரம் பொங்கும்.”

சாய்ந்தேன். தூக்கவில்லை. ஹரிகுமார் கை தட்டினான். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

நானும் கூடப் போகிற நாளில் அவர் பின்னால் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அட்டக்குளங்கரை வளைவு வந்தால் சொல்வார். “சாயி, சரோ.” நான் அவர் முதுகில் சாய்வேன். ஒவ்வொரு தரமும் எனக்கு வெட்கம் வரும். நடுரோட்டில் இந்த மனுஷருக்கு ஆசையைப் பார் என்று நினைத்துக்கொள்வேன்.

9-7-2001

தூக்கமே இல்லை. சக்கரம் தூக்காமல் இருக்கத்தானா? இத்தனை வருஷமும் அதுக்குத்தானா சொன்னீங்க?

20-7-2001

ஹரிகுமார் ஓட்டோவில் பின்னால் வர, நான் முன்னால் போய் சாலையில் டின்னை இறக்கினேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தார். ஒரு முறுக்கும் உடையவில்லை.

வரும்போது பஸ் ஸ்டாப்பில் ராஜபாய் நின்றாள். வண்டியைக் கண்டதும் கட்டையை ஊன்றி ஒரு அடி முன்னால் வந்தாள். அண்ணன் அவளிடம் பேசி வைத்தது நினைவுக்கு வந்தது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கடந்தேன்.

“பாத்துப் போங்க அக்கா, மழை வழுக்கும்” என்று சத்தம் கொடுத்தாள்.

ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

3-8-2001, வெள்ளி

லைசென்ஸுக்குப் போனேன். ஓட்டிக் காட்டத் தயாராக, தலைக்கு இரட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். ஆபீசர் சார் காகிதத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“காலுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லை சார்.”

“நடந்து காட்டுங்க.”

நடந்தேன். அந்த மேசையிலிருந்து வாசல் வரைக்கும், திரும்பவும்.

நல்ல மனுஷர்தான். கோபப்படவில்லை. “இது கால் முடியாதவங்களுக்குள்ள வண்டி அம்மா. ரெஜிஸ்டரே அப்படித்தான். உங்களுக்குத் தர முடியாது. தாணு சாரை எனக்குத் தெரியும்” என்றார்.

ஹரிகுமார்தான் வண்டியை வீட்டுக்கு உருட்டி வந்தான். நான் பஸ்ஸில் வந்தேன். நல்லா நடந்ததுக்காக அழுத பொம்பள இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

4-8-2001

ஹரிகுமார் ஒரு வழி சொல்கிறான். பட்டறையில் கொடுத்தால் பின்னால் இருக்கிற இரண்டையும் கழற்றிவிட்டு ஒற்றைச் சக்கரம் போட்டுத் தருவார்களாம். கைப் பிரேக்கைக் காலுக்கு மாற்றுவார்களாம். அப்புறம் சாதா வண்டி. யாரும் ஓட்டலாம்.

யாரும் ஓட்டலாம்! அப்ப அது எதுக்கு எனக்கு? அந்தப் பிடியில அவிய கை பட்டுப் பட்டு இரும்பு வழுவழுன்னு இருக்கு. அதைக் கழட்டிப் பழைய சாமான் கடையில போடணுமா? மாட்டேன். மழையில நனைஞ்சு மக்கிப் போட்டும்.

5-8-2001

மக்கிப் போவதற்கா கால் நகத்தைக் கொடுத்தேன்?

12-8-2001, ஞாயிறு

ராஜபாய் வீட்டுக்கு நானே போனேன். கையில் முந்திரிக்கொத்து. மணக்காட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. என்னைக் கண்டதும் திகைத்துவிட்டாள்.

“வண்டி வேணுமா?” என்று கேட்டேன். வேறு பேச்சு வரவில்லை.

“நீங்க ஓட்டுறீங்களே அக்கா!”

நடந்து காட்டச் சொன்னதைச் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள். முடியாமல் சிரித்தாள்.

“பஸ் நிக்குறப்ப நான் அதுகிட்ட நடந்து வருவேன். நான் வந்து சேருறப்ப பஸ் போயிரும். தினமும் இந்தக் கதைதான். கால் இருந்தா வண்டி இல்ல, கால் இல்லன்னா பஸ் இல்ல. நல்ல ஊரு நமக்கு!”

நமக்கு என்றாள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தையல்கடை திறக்கும் முன்னால் என் டின்னையும் என்னையும் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். “அது ஒரு கேள்வியா?” என்று முந்திரிக்கொத்தை வாயில் போட்டாள்.

19-8-2001, ஞாயிறு

மறுபடியும் புத்தரிக்கண்டம். ராஜபாய் வண்டியில். ஹரிகுமாருக்குப் புத்தி வரவே வராது. மதில் கிட்டே வந்ததும், “சவிட்டு! சவிட்டு!”

“எதைக் கொண்டு அண்ணா?” என்று அங்கிருந்தே கேட்டாள் ராஜபாய்.

மைதானத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த மாட்டைத் தவிர எல்லாரும் சிரித்தோம். நான்தான் “பிடி!” என்று கத்தினேன். பிடித்தாள். அவள் கால் ஒரு தரம்கூட வெளியே வரவில்லை. நான் தோர்த்து கட்டிக் கற்றுக்கொண்டது அவளுக்குக் கேட்காமலே இருக்கிறது.

வளையத்திலிருந்து அவருடைய கோலை எடுத்தேன். அவள் கட்டை அதில் அளவாக நின்றது. அதற்குமேல் அங்கே இருக்க முடியாமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

30-8-2001

ஓண ஆர்டர். கை வெந்துவிட்டது. எழுத நேரமில்லை. நல்லது.

5-10-2001

ராஜபாய்க்கு லைசென்ஸ் கிடைத்தது. அவளையும் நடந்து காட்டச் சொன்னாராம். “அக்கா, நடந்து பாஸான ஆளு நான்தான், நீங்க ஃபெயிலு” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

14-10-2001

அண்ணன் பக்கத்துக் கடை போனில் கூப்பிட்டார். “வண்டிதான் குடுத்தாச்சே. அப்ப நீ எப்ப வாற?”

“வரல்ல அண்ணே. தீபாவளிக்கு ஆர்டர் இருக்கு.”

இந்தத் தடவை நிஜமாகவே இருக்கிறது.

21-10-2001, ஞாயிறு

சாயங்காலம் ராஜபாய் வந்தாள். “கடல் பாத்து வருஷமாச்சு. ஏறுங்க” என்றாள். பின்னால் உட்கார்ந்தேன். மடியில் டின் இல்லாமல் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வளைவு வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானே சாய்ந்தேன்.

“என்ன அக்கா மேல வந்து விழுறீங்க?”

“சக்கரம் தூக்கும்.”

“ஓ, அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்” என்றேன்.

சங்குமுகத்தில் கடலை ஒட்டிப் போகிற ரோடு வந்தது. காற்று. ராஜபாய் ஏதோ பாடிக்கொண்டு ஓட்டினாள். அவரும் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் என்னை இங்கேதான் கூட்டி வருவார். இந்த இடம் வந்ததும் அவர் எப்போதும் சொல்வது காதில் கேட்டது. “சாயி, சரோ.”

நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் பார்த்தேன். பின்னாலும் திரும்பிப் பார்த்தேன். கயிறு பிடித்துப் போட்ட மாதிரி நேராகக் கிடக்கிறது ரோடு.

அங்கே வளைவே இல்லை.