ஜெராம் கடைக்காரிக்குத் தெரிந்த விலாசம்

இரண்டாவது டிவிஷன் லயம்,
கோல சிலாங்கூர்.
17.8.1986

அன்புத் தங்கை அம்சவள்ளிக்கு அக்காள் புஷ்பவள்ளி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நீயும் குழந்தை கலாவதியும் சுகமா என்று கேட்பதற்குக்கூட எனக்கு இன்னொருத்தியின் தயவு வேண்டியிருக்கிறது. உறையின் மேல் உன் பெயரை மட்டும் எழுதி ஜெராமில் சுரையாவிடம் கொடுக்க வேண்டுமாம். விலாசத்தை அவள் எழுதிக்கொள்வாளாம். ஒட்டியே கொடுங்கள், நான் படிக்க மாட்டேன் என்கிறாள். படித்தால் படிக்கட்டும், அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாத இடம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நீ போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து உன் புருஷன் வீரன் வேலைக்காட்டுக்குப் போனதும், நீ குழந்தையோடு மஸ்தானின் மீன் வேனில் ஏறினாய் என்று லயத்து வீடுகளெல்லாம் சொன்னது. மஸ்தான் சுரையாவின் தம்பி. மீன்காரனோடு ஓடிவிட்டாள் என்று வீரன் ஊரைக் கூட்டிக் கத்திப் பார்த்தான். எடுபடவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா இராஜம்மா லீவு போட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து போனதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்களே. இப்படிப் பேச்சு வரும் என்று முன்கூட்டியே யோசித்து வாத்தியாரம்மாவை ஏற்றியதும் சுரையாதானாம். கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனமும் எனக்குப் பிடிக்கவில்லை.

நீயே சொல். இந்த லயத்தில் அடிபட்ட பெண் யார் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுவாள்? வேலைக்காட்டை மேய்க்கும் மண்டோர், உன் மாமா ரெங்கசாமி வீட்டுக் கதவை. என்னைத் தேடி. பன்னிரண்டு வருஷமாக அதுதான் வழக்கம். நான் புருஷனையும் பெண்சாதியையும் மாரியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போவேன். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்வான். அவளுக்குப் புதுச் சேலை கட்டி, பூ வைத்து, நானே கொண்டுபோய் வீட்டில் விடுவேன். பதினோரு குடும்பத்தை அப்படிச் சேர்த்து வைத்தேன். அதில் உன் குடும்பமும் ஒன்று.

இப்போது யாரும் வருவதில்லை. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். தோட்டத்து டிரஸ்ஸர் உடையப்பன் மருந்து போட்டு, காயத்தையும் தேதியையும் தாளில் எழுதி ஜெராமுக்குச் சுரையாவிடம் அனுப்புகிறார். இங்கே வைத்தால் தோட்டத்து ஆபீஸ் கிராணி பிடுங்கிவிடுவாராம். வாத்தியாரம்மா பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து விசாரிக்கிறார். புருஷன் பெண்சாதி சண்டை என்றால் புகாரே வாங்காத போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மலாய்ப் பெண் போலீசைச் சுரையா சிநேகம் பிடித்து வைத்திருக்கிறாள். கோவில் கமிட்டியைக்கூட அவள் விடவில்லை. முக்காட்டோடு நம் கோவில் வாசலில் வந்து நின்று பேசினாள். தலைவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இத்தனை வருஷத்தில் எனக்கு யாராவது ஒரு முக்காலி போட்டதுண்டா?

எல்லாவற்றுக்கும் மேலே, நீ அவளை லாத்தா என்று கூப்பிடுகிறாயாமே. அவர்கள் வீட்டில் அக்காளுக்கு அதுதானே பெயர். வாத்தியாரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கண்ணை மூடியபோது உனக்கு ஏழு வயது. உனக்குத் தலை வாரியது நான். ரப்பர் மரத்தில் ஒட்டுப்பால் பொறுக்கிய காசில் பாவாடை தைத்துப் போட்டது நான். பிள்ளை பெறாத எனக்கு நீதானே பிள்ளை? இரண்டு தடவை அழுதுகொண்டு என்னிடம் வந்தாய், இரண்டு தடவையும் கோவிலில் வைத்துத் தீர்த்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை மட்டும் அவளைத் தேடிப் போக உனக்கு எப்படி மனம் வந்தது? இதைத்தான் இருபது நாளாக எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வீரன் வந்தான். குடிக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கையில் தட்டு, தட்டில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம். வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அக்கா, நீங்க சொன்னா அவ கேட்பா, எங்க இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க லா, நானே போய் அழைச்சிட்டு வந்துடுறேன் என்று அழுதான். உன்னிடம் மறைக்க மாட்டேன் அம்சா. அவன் கண்ணீர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடைசியில் இவனும் என்னிடம்தானே வந்தான் என்ற பெருமைதான் பெரிதாக இருந்தது. சுரையா பிரித்ததை நான் சேர்த்து வைத்தால் லயம் என்ன பேசும் என்று நினைத்துப் பார்த்தேன். அடுத்த பஸ்சிலேயே ஜெராமுக்குப் போனேன்.

கடையில் ஆள் நிறைந்திருந்த நேரம். என் தங்கச்சி விலாசத்தைக் கொடு, அவள் என் இரத்தம் என்று கூச்சல் போட்டேன். ரொட்டி வீசிக்கொண்டிருந்த அவள் புருஷன் மீரா சாகிபு கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சுரையாவுக்குக் கோபம் வரவில்லை, அது எனக்கு இன்னும் கோபம். சமையல்கட்டுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். அவ சொல்லுன்னு சொல்லாம நான் சொல்லக் கூடாதுக்கா, கோவிக்காதிய என்றாள். அதற்குள் கடையில் யாரோ கூப்பிட, எழுந்து போனாள். அலமாரியில் டிரஸ்ஸரின் தாள்கள் கட்டாக இருந்தன. அதில் விலாசம் இருக்கும் என்று எடுத்துப் புரட்டினேன். திருட்டுத்தனம்தான்.

விலாசம் இல்லை. உன் பெயர் போட்ட தாள் இருந்தது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. வீரன் இரண்டாம் தடவை கற்பூரம் அணைத்தது முதல் தேதி சனிக்கிழமை. பைப்படியில் வழுக்கி விழுந்தேன் என்று நீ சொன்னாய். கட்டுப் போட்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பார்த்து நடக்கக் கூடாதா என்று உன்னையே திட்டினேன். அதற்குக் கீழே டிரஸ்ஸர் ஒரு வரி எழுதியிருந்தார். அக்காளிடம் சொல்ல வேண்டாம் என்கிறாள், சொன்னால் மறுபடியும் கற்பூரம் ஏற்றுவாளாம்.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. சுரையா திரும்பி வந்து என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதை வாங்கிக் கட்டோடு சேர்த்து வைத்தாள். வழியில் சாப்பிட ரொட்டி கட்டிக் கொடுத்து, பஸ்சுக்கு நேரமாச்சுக்கா என்றாள்.

தோட்டத்து முச்சந்தியில் வீரன் காத்திருந்தான். கொடுக்கவில்லையப்பா என்றேன். பொய் சொல்றியாடி என்றான். மத்தியானம் என் காலில் விழுந்தவன்தான். பையைப் பிடுங்கி ரோட்டில் கொட்டினான். சீப்பு, சில்லறை, கைக்குட்டை, ரொட்டிப் பொட்டலம் எல்லாவற்றையும் காலால் தள்ளித் தள்ளித் தேடினான். துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை என்றதும் என் கையை முறுக்கினான். நல்லவேளையாக ஒரு லோரி வந்து நின்றது. அந்தப் பையில் விலாசம் இருந்திருந்தால் இந்நேரம் அவன் உன் வாசலில் நின்றிருப்பான். நான்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பேன் அம்சா, ஆசீர்வாதமும் பண்ணி.

விஷயம் தெரிந்ததும் உன் மாமா பாராங்கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் அந்த மலாய்ப் பெண்ணிடமே புகார் எழுதிக் கொடுத்தேன். டிரஸ்ஸர் என் முழங்கையைப் பார்த்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். என் தாளும் அந்தக் கட்டில் சேர்ந்துவிட்டது.

நான் சேர்த்து வைத்த மற்றப் பத்து வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நேற்றுப் போனேன். புருஷன்மார் இல்லாத நேரமாகப் பார்த்து, சத்தியத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி முதுகைத் திருப்பிக் காட்டினாள். இன்னொருத்தி, இத்தனை நாள் கழித்துக் கேட்கிறீர்களே என்றாள். இரண்டு பேரையும் பற்றிச் சுரையாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். மீதி எட்டு வீட்டுக்கும் போக வேண்டும். போக எனக்குப் பயமாக இருக்கிறது.

அதற்காகச் சுரையாவை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. அவளைப் பார்த்தால் இன்னும் எனக்குள் சுருக்கென்றுதான் இருக்கிறது. நீ அவளை லாத்தா என்றே கூப்பிடு, உனக்கு அக்காளாக நின்றவள் அவள்தான். ஆனால் என்னை அக்கா என்று கூப்பிடுவதையும் விட்டுவிடாதே.

உன்னை ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீ இருக்கும் ஊரை எனக்கு எழுதாதே. நானே அழுது கேட்டாலும் எழுதாதே. அக்காளுக்கு உடம்புக்கு முடியவில்லை, முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று யார் வந்து சொன்னாலும் வராதே. இடது கையால் குழந்தையைத் தூக்க முடிகிறதா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதையும் சுரையாவிடமே சொல். அவள் எனக்குச் சொல்வாள்.

உங்கள் இருவருக்கும் மாரியாயி காவல் இருக்கட்டும்.

உன் அக்காள்,
புஷ்பவள்ளி