ஆறாவது சாதனை

நவம்பர் 10, திங்கள். இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்ததோ தெரியவில்லை. யாராக இருந்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். பள்ளிக்கூடத்தில் காட்டவே காட்டாதீர்கள். எங்கள் அம்மாவின் வேலை போய்விடும். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

சாயங்காலத்திலிருந்து மழை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அம்மா வெளி அறையில் தூக்கம். அப்பா திருப்பூரில். தீபாவளிக்கு வந்து போனதோடு சரி.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை குழந்தைகள் தின விழா. மேயரம்மா வருகிறார். வரவேற்புரை நான். "சத்தம் கணீர்னு இருக்கு, பயப்படவும் மாட்டா" என்று தமிழ் டீச்சர் த.ஆ.விடம் சொன்னார். (த.ஆ. = தலைமை ஆசிரியை. பெயர் எழுதக் கை வரவில்லை.) டீச்சர் சொன்னதில் முதல் பாதி மட்டும் உண்மை.

டீச்சர் ஒரு தாள் தந்தார். மேயரம்மா செய்த சாதனைகள்:
1. ஆற்றங்கரைத் தெருக்களுக்குக் குடிநீர்க் குழாய்
2. படித்துறையில் பெண்கள் உடை மாற்ற அறை
3. சாக்கடை ஆற்றில் விழாமல் திருப்பிவிட்டது
4. தெருவிளக்கு
5. எங்கள் வார்டில் மாலை நேரப் படிப்பகம்
6. நம் பள்ளியில் எட்டு அறைகள் கொண்ட புதிய கழிப்பறை. "இதனால் மாணவியர் அனைவரும் தினந்தோறும் பயன்பெறுகின்றனர்."

ஒன்று முதல் ஐந்து வரை என் கண்ணால் பார்த்தது. படிப்பகத்தில் உட்கார்ந்துதான் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் பாஸானேன். ஆறாவதும் கட்டியிருக்கிறது. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, குழாய். ஜூனில் மேயரம்மா ரிப்பன் வெட்டினார். மறுநாள் பூட்டினார்கள். இன்றுவரை பூட்டு. கண்ணாடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. யாராவது பெரியவர்கள் பார்க்க வந்தால் திறப்பார்கள். அவர்கள் போனதும் பூட்டு.

பழையது இரண்டுதான். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடிக்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் நிறைத்துக் கொண்டுபோகிற பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே வீடு திரும்பும்.

சாவி அம்மா இடுப்பில். அம்மா எங்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள். தற்காலிகம்.

கட்டில் சத்தம். அணைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு. மாவு பாக்கெட் வாங்கப் போனேன். சாக்ஸ் இன்னும் காயவில்லை.

"மேயர் எப்படி முன்னுக்கு வந்தார்னு ரெண்டு வரி சேர்த்துக்கோ" என்று டீச்சர் சொல்லியிருந்தார். டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். மேயரம்மாவின் பழைய தையல் கடை அவர் கடைக்கு எதிரில்தான் இருந்தது.

"அந்தம்மாவா? எனக்கு ஒரு சட்ட தச்சுத் தந்தா பாரு, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதனாலதான் ஜனங்க தையல விடச் சொல்லி அரசியலுக்கு அனுப்பிட்டோம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்கார மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒம்ம கையே அப்படித்தான் வே, அவங்க மேல ஏன் பழியப் போடுதீரு?"

அப்புறம் அண்ணாச்சி உண்மையாகச் சொன்னார். அப்போது மேயரம்மா வெறும் கவுன்சிலர்தான். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்கள் போய்விட்டார்களாம். மேயரம்மா இந்தக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப்போய்ப் பள்ளத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மழைக்குக் குடை. மடியில் தைக்க வேண்டிய துணி. மூன்றாம் நாள் ஆட்கள் வந்தார்கள்.

"சண்ட போட்டாங்களா அண்ணாச்சி?"

"சண்டையா? ஒரு வார்த்த பேசல பிள்ள. தண்ணி வரட்டும், நாற்காலிய எடுத்துக்கிடுதேன்னா. அவ்வளவுதான். குழாயில தண்ணி வந்ததும் மொத டம்ளர் அவதான் குடிச்சா. இப்பவும் எத தொறந்து வச்சாலும் புழங்கிப் பாத்துட்டுத்தான் போவா."

ஆமாம். ஜூனிலும் அப்படித்தான். ரிப்பன் வெட்டியதும் உள்ளே போய் எட்டுக் குழாயையும் திறந்து பார்த்தார். கை கழுவினார். வெளியே வந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்: "யாராவது ஒரு பிள்ள மொதல்ல போயிட்டு வாங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் யார் போவாள்? நான் முதல் வரிசை. காலை ஏழு மணியிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றேன். வயிறு கல். போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு ஒருத்தி போயிருந்தால் அடுத்தவள் போயிருப்பாள். மறுநாள் பூட்டைத் தொங்கவிட யாருக்கும் தைரியம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 12, புதன்

வெயில். ஆற்றில் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது. மேலே பாபநாசம் மலையில் நல்ல மழை என்று பஸ்ஸில் பேச்சு.

பேச்சி இன்றும் வரவில்லை. என் பக்கத்து இடம். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல், அடிவயிற்று வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். இது மூன்றாவது முறை.

"டாக்டரு தண்ணி நெறைய குடின்னு சொல்லுதாரு" என்றாள் அவள் அம்மா. "பள்ளிக்கூடத்துல குடிக்கவே மாட்டேங்கா. நீயாவது சொல்லு பிள்ள."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

எழுதிவிடுகிறேன். இதை எழுதத்தான் திங்கட்கிழமையே இந்த நோட்டை எடுத்தேன். செப்டம்பரிலிருந்து நான் அந்தப் புதுக் கழிப்பறைக்குப் போகிறேன். அம்மா திறந்துவிடுகிறாள். மதியம், எல்லோரும் சாப்பிடும்போது, பின்பக்கமாக. முதல் நாள் அம்மா சொன்னது: "பைய போயிட்டு வா. யார்ட்டயும் மூச்சு விடாத." உள்ளே என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கும். ஏழு அறை காலி. பேச்சி அங்கே தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஆள் தேடிக்கொண்டு நிற்பாள். அவளிடமும் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் தொறந்து விட்டா என்னம்மா?"

"தொறந்து விட்டா பழசாப் போவும்."

"கட்டுனது எதுக்கு?"

"ஏட்டி, முன்னாடி கட்டுனத ஒரே வருஷத்துல ஒடைச்சுப் போட்டாளுவ. குழாயக் காணோம், வாளியக் காணோம். அதிகாரி வந்து பெரிய டீச்சரத்தான் கிழிகிழின்னு கிழிச்சாரு. அவங்க என்னக் கூப்பிட்டு, இது புதுசாவே இருக்கணும், ஓம் பொறுப்புன்னாங்க. நான் டெய்லி தொடைக்கேன். போய்ப் பாரு, ஒரு தூசு இருக்காது."

அம்மா முகத்தில் பெருமை. யாரும் மிதிக்காத தரையைத் தினமும் துடைக்கிற பெருமை. எனக்கு அழுகை வந்தது. ரசம் காரம் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

ஒத்திகை. த.ஆ. முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்துவரை நன்றாகச் சொன்னேன். ஆறாவதை வாய்க்குள்ளேயே சொல்லி முடித்தேன்.

"ஏன் அங்கன மட்டும் முழுங்குத? அதுதான் நம்ம பள்ளிக்கூடத்து விஷயம். சிரிச்ச முகமா சொல்லணும்" என்றார் த.ஆ.

மறுபடி. மறுபடி. நாலாவது முறை சிரித்துக்கொண்டே சொன்னேன். "பயன்பெறுகின்றனர்." கைதட்டினார்கள். பேச்சியின் காலி இடம் கண்ணில் பட்டது.

த.ஆ. கெட்டவர் இல்லை. மழையில் நனைந்து வந்தேன் என்று தன் துண்டைத் தந்தார். ஒரு புதுப் பொருள் வீணாகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை. அத்தை வீட்டில் புது சோபாவில் யாரும் உட்காரக் கூடாது. எல்லோருக்கும் இந்தப் பயம்தான். ரிமோட்டுக்கு வயிறு வலிக்காது.

யோசித்தேன். வழிகள்:
அ) தாளில் உள்ளபடி சொல்வது. பொய்.
ஆ) ஆறை விட்டுவிட்டு ஐந்தோடு நிறுத்துவது. பயந்தாங்கொள்ளி.
இ) பூட்டியிருக்கிறது என்று புகார் சொல்வது. த.ஆ.வுக்கு அவமானம், அம்மாவுக்கு வேலை இல்லை.
ஈ) யார் மேலும் குற்றம் சொல்லாமல், மேயரம்மா ஜூனில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்வது.

ஈ-யிலும் அம்மா வேலை போகலாம். தெரியும். அம்மா சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. அவளிடம் முன்கூட்டிச் சொன்னால் விடமாட்டாள். சொல்லாமல் செய்தால் துரோகம். ஆனாலும் ஈ.

கதவருகில் யாரோ. நோட்டை ஒளிக்க வேண்டும்.

(பூனை.)

நவம்பர் 14, வெள்ளி. இரவு

மறப்பதற்குள் எல்லாம்.

மழை இல்லை. பந்தல். மேயரம்மா சாதாரண நூல் சேலை, ரப்பர் செருப்பு. காலையில் ஏதோ வார்டில் சாக்கடை பார்த்துவிட்டு நேராக வந்தாராம். சேலைக் கரையில் சேறு. பேச்சி வந்திருந்தாள், முகம் வாடி.

என் முறை. ஐந்துவரை தாளில் இருந்தபடி. நாற்காலிக் கதையைச் சொன்னபோது மேயரம்மா சிரித்தார். பிறகு தாளை மடித்தேன். த.ஆ. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சொன்னது இது. வார்த்தைக்கு வார்த்தை:

"ஆறாவதாக, எங்களுக்கு எட்டு அறைகள் கட்டித் தந்தீர்கள். திறந்த அன்று, யாராவது ஒரு பிள்ளை முதலில் போய்விட்டு வாருங்கள் என்று கேட்டீர்கள். நாங்கள் வெட்கப்பட்டு நின்றுவிட்டோம். முதல் வரிசையில் நின்ற நானும் போகவில்லை. இன்று போகிறேன். சாவி வேண்டும்."

மைக் உய்ங் என்றது.

மேயரம்மா கேட்டார்: "சாவியா? எதுக்கு சாவி?"

த.ஆ. எழுந்தார். "மேடம், பராமரிப்புக்காக..."

மேயரம்மா கையை லேசாக உயர்த்தினார், அவ்வளவுதான். "இருக்கட்டும் டீச்சர். சாவி யார்ட்ட இருக்கு?"

பந்தலின் கடைசியில், பிஸ்கட் தட்டோடு அம்மா. தட்டைப் பைய கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"எங்கிட்ட இருக்கும்மா."

என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். நான் பின்னால். பூட்டில் சாவி நுழைய மூன்று முறை ஆனது. திறந்தாள். நான் போனேன். எல்லோரும் பார்க்கப் போனேன். இதுதான் முதல் முறை என்று மேடையில் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் ஒரு பொய்யாக இருந்திருக்கும்.

வெளியே வந்தால் வரிசை! ஆறாம் வகுப்புக் குட்டிகள், ஏழு, எட்டு, பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள். "ஏட்டி தள்ளாத!" "நான்தான் முன்னாடி!" பாதி விழா காலி. மேயரம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வாசலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை இருந்தார். போகும்போது கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைச் சர்ரென்று உரித்தார். பூட்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். த.ஆ.விடம், "துடைக்க இன்னொரு ஆள் வேணும்லா? திங்கக்கெழம பேசுவோம்" என்றார். அம்மாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வரிசையில் பேச்சியிடம் சொல்லிவிட்டேன். "நான் செப்டம்பர்லேந்தே போறேன்ட்டி."

"தெரியும்."

"எப்படி?"

"ஒம் பாட்டில் மட்டும்தான் சாயங்காலம் காலியா இருக்கும்."

இத்தனை நாள் தெரிந்தும் கேட்கவில்லை அவள்.

விழா முடிந்ததும் த.ஆ. அம்மாவிடம், "திங்கக்கெழம காலையில வந்து என்னப் பாரு." அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மா வழியெல்லாம் பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. பூட்டில்லாத சாவி சுவரில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. அது இருந்த இடத்தில் அம்மா இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

திங்கட்கிழமை நானும் அம்மாவோடு த.ஆ. அறைக்குப் போவேன். அம்மா திறந்துவிட்டு நான் போனதையும் சொல்வேன். பேசியது நான், கேட்டது நான் என்பேன். வேலை போனால் படிப்பகத்துக்குப் பதில் சாயங்காலம் அண்ணாச்சி கடையில் பாத்திரம் கழுவுவேன். ஆனால் ஆறாவதைத் திரும்ப எழுதித் தரச் சொன்னால் எழுத மாட்டேன். பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோவேன். மதியத்துக்குள்

தட்டுகிறார்கள். சமையலறைக் கதவு. இரண்டு தட்டு. அம்மாதான்.

விளக்கை அணைக்கவில்லை. நோட்டு இங்கேயே திறந்து கிடக்கட்டும். தாழ்ப்பாளைத் திறக்கிறேன்.